அண்ணி தட்டிலிருந்து நாம் எடுத்தவை

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்கள் அனைவருக்கும் வணக்கம். அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. மலர் போடுவது என்று முடிவானதும் ஆளாளுக்கு எனக்கு யோசனை சொன்னீர்கள். பொறுமைசாலி என்று எழுது என்றார் ஒருவர். அதிர்ந்து பேசாதவர் என்று எழுது என்றார் இன்னொருவர். பழசைக் கிளறாதே என்று மூன்று பேர் தனித்தனியாகப் போன் செய்து சொன்னீர்கள். அண்ணன் பொறுமைசாலிதான், அதில் சந்தேகமில்லை. அவர் தங்கை நான் அப்படி இல்லை. தெரிந்திருந்தும் இந்தக் கட்டுரையை என்னிடம் கொடுத்தது உங்கள் தப்பு.

மலையில் நாலைந்து ஊர் சேர்ந்ததை நாடு என்போம்; அண்ணன் கொல்லிமலையில் எடப்புளி நாட்டில், எங்கள் காட்டு வீட்டில் பிறந்தார். அப்பா சாமையும் மரவள்ளியும் போட்டவர். எங்கள் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றியதும் அவர்தான். அண்ணனுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு ஐந்து வயது இருக்கும்போது அம்மா காய்ச்சலில் இறந்தார். அப்பாவும் அதற்குப் பிறகு வெகுநாள் இருக்கவில்லை. பெரியப்பாவும் பெரியம்மாவும் எங்கள் இருவரையும் தங்கள் வீட்டில் சேர்த்துக்கொண்டார்கள். தாங்கள் உண்டதை எங்களுக்கும் போட்டார்கள். அதை மறந்துவிட்டு நான் இதை எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மறக்காததால்தான் இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பெரியம்மா காட்டு வேலைக்குப் போகும் நாட்களில் உலை வைத்தது அண்ணன். பள்ளிக்கூடப் பையைக் கழற்றாமலே அடுப்பு ஊதுவார். பத்தாவதோடு படிப்பை நிறுத்தி, காட்டு வேலையோடு லாரிக்குச் சுமை ஏற்றும் வேலையும் செய்து, என்னை நாமக்கல்லில் தங்க வைத்துப் படிக்க வைத்தார். இருபத்தாறு வயதில் பைல் நாட்டில் பெண் எடுத்தார். நான்கு வருடம் கழித்து மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியில்தான் பிறந்தாள். கண், மூக்கு, உதடு எல்லாம் அச்சில் வார்த்தது போல இருந்தன. அண்ணன் செம்மேட்டில் இறங்கி, பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தாராம்.

வீட்டுக்கு வந்ததுமே குழந்தைக்குப் பால் இறங்கவில்லை. வாய் வைப்பாள், இழுக்கத் தெரியாமல் அழுவாள். உள்ளே போன கொஞ்சமும் மூக்கு வழியாக வந்தது. பெரியம்மா ஒரே பார்வையில் காரணம் கண்டுபிடித்துவிட்டார். "இவ என்னத்தையோ தின்னுருக்கறா. பாலு கெட்டுப்போச்சு. வாயக் கட்டோணும்."

அங்கேதான் நீங்கள் எல்லோரும் வந்தீர்கள். குழந்தை பார்க்க வருகிறவர்கள் சும்மா போகக் கூடாது, பெற்றவளுக்குப் பத்தியம் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்பது நம்மிடம் ஒரு மரியாதை. பெரியவர்கள் ஒன்றைச் சொன்னால் அதை அந்த வேளையிலிருந்தே நிறுத்துவது வீட்டாரின் மரியாதை. சித்தி வந்தார், கீரை குளிர்ச்சி என்றார், கீரை போனது. பெரிய மாமா வந்தார், மொச்சை வாயு என்றார், மொச்சை போனது. கிழங்கு மந்தம், முட்டை சூடு, பசும்பால் சளி. வாழைப்பழத்தை ஒருவர் சூடு என்றார், மறுநாள் வந்தவர் குளிர்ச்சி என்றார், எப்படியோ அதுவும் போனது. ஆளுக்கொரு கவுன் கொண்டுவந்து குழந்தை மேல் வைத்தீர்கள். போகும்போது அண்ணியின் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு போனீர்கள். முப்பதாம் நாள் அந்தத் தட்டில் மிச்சம் இருந்தவை சாமைக் கஞ்சி, சுட்ட பூண்டு, உப்பு.

உங்களுக்கு மட்டும் கோழி அடித்தோம். அதையும் எழுதத்தான் வேண்டும். குழந்தை பார்க்க வந்தவர்களுக்குக் கோழிக் குழம்பு இல்லாமல் முடியுமா? இலையில் பரிமாறியது நான். "இன்னொரு துண்டு வெக்கட்டுங்களா?" என்று கேட்டுக் கேட்டு வைத்தேன். உள்ளறையில் அண்ணி கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தார். ஒருநாள் எல்லோரும் போன பிறகு மெதுவாக என்னைக் கூப்பிட்டார்.

"கண்ணு, கழுவறதுக்கு முன்னால அந்தக் கொழம்புச் சட்டிய இப்பிடிக் கொஞ்சம் கொண்டாரயா? வழிச்சுக்கறேன்."

நான் படித்தவள். நாமக்கல்லில் மூன்று வருடம் தங்கிப் பட்டம் வாங்கியவள். "வேண்டாங்க அண்ணி, பாப்பாவுக்கு ஆகாதுங்க" என்று சொல்லிவிட்டு, அவர் பார்க்கப் பார்க்கச் சட்டியை வாசலுக்கு எடுத்துப் போய்ச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். உங்கள் மேல் எனக்கு எவ்வளவு கோபமோ, அந்தத் தேய்த்த கையின் மேல் அதைவிட அதிகம்.

அண்ணனையும் விடப் போவதில்லை. அவருக்குத் தெரியும். கன்று போட்ட மாட்டுக்குக் கம்பு வேகவைத்துப் போடுகிறவருக்கு, பிள்ளை பெற்றவள் வெறும் கஞ்சியில் பால் சுரக்க மாட்டாள் என்று தெரியாதா? தெரிந்தும் வளர்த்தவர்கள் பேச்சைத் தட்டக் கூடாது என்று நாற்பது நாள் தலையைக் குனிந்துகொண்டு கோழிக் குழம்பு சாப்பிட்டார். இதை அவரே பின்னாளில் அண்ணியிடம் சொல்லி அழுதார். செத்தவரைக் குறை சொல்லக் கூடாது என்பீர்கள். அவர் தானே சொன்ன குறை இது.

நாற்பதாம் நாளைக்கு மேல் தடுப்பூசி போட அழைத்துப் போனோம். நர்ஸ் அம்மா எடை பார்த்தார். பிறந்த எடையைவிடக் குறைந்திருந்தது. மறுபடியும் வைத்துப் பார்த்தார். பிறகு குழந்தையின் வாயைத் திறந்து டார்ச் அடித்தார்.

"எத்தன நாளா மூக்குல வருதுங்க?"

"பொறந்ததுலருந்துங்க," என்றார் அண்ணன்.

"இத்தன நாளா ஊட்டுல ஒருத்தராச்சும் புள்ள வாயத் தொறந்து பாத்தீங்களா?"

டார்ச் வெளிச்சத்தில் எங்களையும் குனிந்து பார்க்கச் சொன்னார். மேல் அண்ணத்தின் உட்பக்கம் பிளந்திருந்தது. வெளியே தெரியாது. அதனால் குழந்தையால் உறிஞ்ச முடியாது, விழுங்குவதும் மூக்கில் ஏறும். பாலைப் பீய்ச்சி எடுத்து, குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, மூக்கு வைத்த சின்னக் கிண்ணமான பாலாடையில் சொட்டுச் சொட்டாகக் கொடுக்க வேண்டும். எடை ஏறினால் ஒரு வயதுக்கு மேல் ஆபரேஷன் செய்து பிளவை மூடலாம். எடை ஏறாவிட்டால் ஆபரேஷன் வரைக்கும் குழந்தை தாங்காது. இதையெல்லாம் சொல்லிவிட்டு நர்ஸ் அம்மா அண்ணியின் கண்ணை இழுத்துப் பார்த்தார். வெளுத்துப் போயிருந்தது. "இவங்களுக்கு மொதல்ல சோறு போடுங்க" என்றார்.

வரும் வழியில் அண்ணன் கடையில் ஆறு முட்டை வாங்கினார். வீட்டுக்குள் நுழைந்து, கைகால் கழுவி, பெரியம்மாவின் அடுப்பிலேயே ஆறையும் வேகவைத்தார்.

"ஏஞ்சாமி, பச்ச ஒடம்புக்காரிக்கு முட்டையா? புள்ளைக்கு மூக்குல வர்றது கண்ணுக்குத் தெரியலியா?"

"ஓட்டை புள்ள வாயில இருக்குதுங்க பெரியம்மா. அவ தட்டுல இல்லீங்க."

அவர் வாழ்நாளில் பெரியம்மாவை எதிர்த்துப் பேசியது அது ஒன்றுதான். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "பெரியவங்க பேச்சுக்கு மதிப்பில்லாத ஊட்டுல ஒரே அடுப்பு எதுக்கு?" என்றார். அன்று சாயங்காலமே அண்ணன் வீட்டை ஒட்டிக் கூரை இறக்கிய சாய்ப்பில் மூன்று கல் வைத்துத் தனி அடுப்பு மூட்டினார். நானும் என் பாயைச் சுருட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்தது இரண்டே வேலை, சமைப்பதும் ஊட்டுவதும். குழந்தைக்கு ஒரு வேளைப் பால் கொடுத்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். அடுத்து அரை மணி நேரம் தோளில் நிமிர்த்திப் போட்டிருக்க வேண்டும். கிண்ணத்தைக் கழுவி வெந்நீரில் போட்டு எடுப்பதற்குள் அடுத்த வேளை வந்துவிடும். அண்ணி உட்கார்ந்து பால் பீய்ச்சும்போது அவருக்கு இரண்டு கையும் ஓய்வில்லை. அண்ணன் தட்டை எடுத்துவந்து, கீரை போட்ட பருப்புச் சோறு, மொச்சைக் குழம்பு, முட்டை என்று எங்கள் எல்லோர் கண் முன்னாலும் உருட்டி உருட்டி அண்ணிக்கு ஊட்டினார். அண்ணிக்குச் சூடாகப் போடுவார். தன் சோறு ஆறி விறைத்த பிறகுதான் அவர் கைக்கு வரும். சில நாள் நின்றுகொண்டே தின்பார், சில நாள் தின்றோமா என்பதே நினைவிருக்காது.

இதற்குப் பெயர் வைத்தீர்கள். டீக்கடையில், "என்ன மாப்ள, இன்னிக்கு ஊட்டுல என்ன கொழம்பு?" என்று கேட்டுச் சிரித்தீர்கள். பொண்டாட்டிக்கு முட்டை அவிக்கிறவன் என்றீர்கள். ஒருவராவது ஒரு வேளை வந்து, நான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொள்கிறேன், நீ உட்கார்ந்து சாப்பிடு என்று சொன்னீர்களா? அண்ணன் சிரித்துக்கொண்டே, "மொளகு ரசமுங்க மாமா" என்று பதில் சொல்லிவிட்டு வருவார். எனக்கு அந்த டீக்கடைப் பக்கம் போனால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆறு மாதம் முடிந்து சோறு தொடங்கியதும் வேறு பாடு. தண்ணீராக இருந்தால் மூக்கில் ஏறும், கட்டியாக இருந்தால் தொண்டையில் அடைக்கும். அண்ணன் கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, அரைத்து, அண்ணியின் பழைய சேலைத் துணியில் இரண்டு முறை சலிப்பார். காய்ச்சிய கூழைக் கரண்டியில் எடுத்துச் சாய்த்துப் பார்ப்பார். ஒழுகினால் மறுபடி அடுப்பில் வைப்பார். மலைவாழையை மசிப்பதிலும் அவருக்கு ஒரு பதம் இருந்தது, நான் மசித்தால் ஒப்புக்கொள்ள மாட்டார். ஒருமுறை கிழங்கு அடைத்துக் குழந்தையின் முகம் நீலமானது. அண்ணன் அவளை முன்னங்கையில் குப்புறப் போட்டு முதுகில் தட்டினார், வெளியே வந்துவிட்டது.  அடுத்த வேளைக்கு அதே கையால்தான் கூழ் காய்ச்சினார்.

எடை பார்க்க மாதம் ஒருமுறை எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போய் வந்தார்கள். ஒரு வயது தாண்டி, டாக்டர் சொன்ன எடை வந்து, சேலத்தில் ஆபரேஷன் நடந்தது. புண் ஆறி வீட்டுக்கு வந்து ஒரு மாதம் இருக்கும். சாய்ப்பில் உட்கார்ந்து குழந்தை டம்ளரில் பால் குடித்தாள். ஒரு சொட்டு மூக்கில் வரவில்லை. பெரியம்மா தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், மெல்ல வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்கும் மொதப் புள்ள இப்பிடித்தான் கண்ணு. மூக்கு வழியாப் பாலா வந்துச்சு. எல்லாருஞ் சொன்னாங்கன்னு நானும் வாயக் கட்டுனேன். இருவத்தாறு நாளுதான் இருந்துச்சு. நாந் தின்னுதான் அதக் கொன்னுட்டேன்னு இத்தன வருஷமா நெனச்சுட்டு இருந்தேன்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. பிடித்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் எனக்கு வந்ததும் கோபம்தான். ஐம்பது வருடத்துக்கு முன்னால் ஒரு பச்சை உடம்புக்காரியிடம், நீ தின்றதால் உன் பிள்ளை செத்தது என்று சொன்ன அத்தனை பேர் மேலும் கோபம் வந்தது. அவர்களில் ஒருவரும் இன்று உயிரோடு இல்லை, போய்ச் சண்டை போடக்கூட ஆள் இல்லை.

அண்ணனின் கடைசி நாட்கள் என்று எழுத எனக்கு ஒன்றுமில்லை. ஒரு காலைதான். மிளகு பறிப்புக் காலம், பனி ஈரம். மரத்தில் சாத்திய ஒற்றை மூங்கில் ஏணி வழுக்கியது. விழுந்தவர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி வரும்வரைகூட இருக்கவில்லை. மகளுக்கு அப்போது ஆறு வயது.

டீக்கடையில் சிரித்தவர்களே அன்று வந்து, தாயாட்டம் பிள்ளையை வளர்த்தான் என்று மாரில் அடித்துக்கொண்டார்கள். அதையாவது பொறுத்துக்கொண்டேன். பந்தலில் என் முதுகுக்குப் பின்னால் ஒருவர், "பொறந்ததுலருந்தே படுத்தி எடுத்துச்சு, அந்தப் புள்ள ராசி அப்பிடி" என்றார். யார் என்று எனக்குத் தெரியும். இந்த மலர் அவர் கையிலும் இருக்கிறது. பிள்ளை ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாள், கணீரென்று பேசுகிறாள், கோழிக் குழம்பு இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள். அவள் ராசிக்கு ஒரு குறைவுமில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். வாயைத் திறந்து பார்த்த நர்ஸ் அம்மாவுக்கு நன்றி. கைக்குழந்தையைக் கண்டால் முன் சீட்டைக் காலி செய்து கொடுத்த பஸ் கண்டக்டருக்கு நன்றி. வாரம் தவறாமல் கீரைக்கட்டை வேலிமேல் வைத்துவிட்டுச் சொல்லாமல் போன, இன்றுவரை யார் என்று தெரியாத அந்த மனிதருக்கு நன்றி. அடக்கத்துக்குத் தோள் கொடுத்தவர்களுக்கும், அண்ணியோடு சேர்ந்து இந்த வருடம் மிளகு பறித்துக் கொடுத்தவர்களுக்கும் நன்றி. மற்றவர்களுக்கு இந்தப் பக்கத்தில் இடம் இல்லை.

கடைசியாக ஒன்று. பெரிய மாமா வீட்டில் பேரனின் மனைவிக்குக் குழந்தை பிறந்து இருபது நாள் ஆகிறது. குழந்தை பாலைக் கக்குகிறதாம், அந்தப் பெண்ணுக்கு முட்டையையும் கீரையையும் நிறுத்திவிட்டீர்களாம். நேற்று பெரியம்மாவிடம் சொன்னேன், அண்ணனின் ஓராண்டுச் சடங்கு முடிந்ததும் நான் தனியாகச் சமைத்து எடுத்துக்கொண்டு அங்கே போகப் போகிறேன் என்று. பெரியம்மாவுக்கு இப்போது எண்பதுக்கு மேல் ஆகிறது, நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும்.

"நீ சொன்னா அந்த ஊட்டுல எடுபடாது கண்ணு. நானும் வாரேன்," என்றார்.

மாமா, நாங்கள் இருவரும் வருகிறோம். டார்ச் லைட் எங்களிடம் இருக்கிறது, குழந்தையின் வாயை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நீங்கள் அந்தப் பெண்ணுக்கு ஒரு இலை போட்டு வையுங்கள்.