மூன்று முறை கூப்பிட்டும் வரவில்லை

பிள்ளைகளா, அப்பாவுக்கு என்ன வேலை என்று டீச்சர் கேட்டதற்கு, "கோர்ட்டில் பேர் கூப்பிடுவார்" என்று நீங்கள் சொல்ல, வகுப்பே சிரித்துவிட்டது என்று ஒரு நாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தீர்கள். நீங்கள் சொன்னதில் தப்பில்லை. சிரிக்கிற அளவுக்கு லேசான வேலையும் இல்லை அது. அந்த வேலையில் நான் செய்த ஒரு தப்பையும், அதைச் சரிசெய்ய ஒரு பெண் பட்ட பாட்டையும் எழுதிவைக்கிறேன். பத்தாம் வகுப்போடு நின்றவன் எழுதுவது. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

எங்கள் கோர்ட்டு வெள்ளைக்காரன் கட்டிய கட்டிடம். ஒரே காம்பவுண்டுக்குள் முன்பக்கம் முன்சீப் கோர்ட்டு, பின்பக்கம் கிளைச்சிறை. வழக்குப் போடுகிறவனும் மாட்டிக்கொண்டவனும் ஒரே வாசலில்தான் நுழைய வேண்டும். வெள்ளைக்காரன் போய்விட்டான். அவன் வைத்துவிட்டுப் போன முறை ஒன்றும் போகவில்லை. நான் வெள்ளைச் சட்டைக்கு மேல் சிவப்பு டவாலியைக் குறுக்கே போட்டு, பித்தளை வில்லையைப் புளி போட்டுத் தேய்த்து மாட்டிக்கொண்டு, வராந்தாவில் நின்று வழக்குக்காரர் பெயரைக் கூப்பிட வேண்டும். மூன்று முறை. வராந்தாவை விட்டு இறங்கக் கூடாது. மூன்றாவது முறைக்கும் ஆள் வரவில்லை என்றால் உள்ளே போய், "கூப்பிட்டாச்சு, இல்லைங்க அய்யா" என்று சொல்ல வேண்டும். அதோடு அந்த வழக்கு தள்ளுபடி. வருஷக் கணக்காக நடந்த வழக்கானாலும் சரி, மூன்று கூப்பாட்டில் முடிந்துபோகும்.

நான் சொல்லப்போகிற பெண் அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்கு மருந்து அடைக்கிற வேலை செய்தவர். அவர் வீட்டுக்காரருக்குச் சின்ன வயதிலேயே இரண்டு காலும் விளங்காமல் போய்விட்டது. சர்க்காரில் கொடுத்த மூன்று சக்கர வண்டியைக் கையால் ஓட்டிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வந்து, சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுவார். கெட்டிக்காரர். வாய்ப்பேச்சும் அதிகம் என்று ஊரில் சொல்வார்கள்.

அவர்கள் வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவில் பக்கத்து வீட்டுக்காரரின் இடம். அதன் ஓரமாக ஒரு சந்து. ஊர் முழுக்க அதைப் பாதை என்றுதான் சொல்லும். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாள் அந்தச் சந்தின் வாயில் சுவர் எடுத்துவிட்டார். நடக்கிறவர்கள் பின்னால் ஓடைக்குள் இறங்கி, கருவேல முள்ளில் சேலையைக் கிழித்துக்கொண்டு சுற்றிப் போகலாம். மூன்று சக்கர வண்டி போகுமா? வண்டி வீட்டு முற்றத்திலேயே நின்றது. அதற்குப் பக்கத்தில் அவரும் உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பெண் முதலில் சூலக்கரைக்குப் போய்க் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு கொடுத்தார். இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்க என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுப் பட்டா அவர் பெயரில் இருந்ததால் அவரே வாதியாக வழக்குப் போட்டார். சுவரை எடுத்துப் பாதையைத் திறந்துவிட வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

தீபாவளிக்கு முந்தின சீசனில் ஒரு வாய்தா வந்தது. சீசனில் கம்பெனியில் லீவு கிடைக்காது. காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போய், ஒன்பதரைக்கு போர்மேனிடம் கெஞ்சிச் சொல்லிவிட்டு, போட்ட துணியோடு பஸ் ஏறி வந்திருக்கிறார். கையிலும் கழுத்திலும் அலுமினியப் பொடி மினுங்கியது. நான் டவாலியைச் சரிசெய்துகொண்டு வரும்போது, காம்பவுண்டுக் கடைசியில் கிளைச்சிறைச் சுவரோரமாகத் தனியாக நிற்பதைப் பார்த்தேன். இங்கே நின்றால் கூப்பிடுவது கேட்காது, வராந்தாவுக்கு வாங்க என்றேன்.

"மேலெல்லாம் மருந்து இருக்கு அண்ணாச்சி. அங்கன அம்புட்டுப் பேரும் பீடி குடிக்காக. டீக்கடை அடுப்பு வேற எரியுது. நான் இங்கனயே நிக்கேன்."

பட்டாசு வேலைக்காரர்களுக்கு அது ஊறிப்போன பழக்கம். மருந்துத் துணியோடு அடுப்பங்கரைக்குப் போக மாட்டார்கள். முற்றத்தில் குளித்து, துணி மாற்றிவிட்டுத்தான் உலையே வைப்பார்கள். பஸ்ஸில் எவனாவது பீடி பற்றவைத்தால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொள்வார்கள். இதெல்லாம் எனக்கும் தெரியும். என் கூடப்பிறந்தவளே அந்த வேலைக்குப் போனவள்தான். ஆனாலும் டவாலி போட்ட மிதப்பு. "கோர்ட்டு என்ன வெடிக்கவா போகுது?" என்று சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

பதினொன்றரைக்கு அவர் வழக்கை எடுத்தார்கள். அவருடைய வக்கீல் அன்றைக்கு வேறு ஊர்க் கோர்ட்டில் இருந்தார். நான் வராந்தாவில் நின்று கூப்பிட்டேன். அதே நேரம் பின்னால் கிளைச்சிறையில் மனுப் பார்க்க வந்தவர்கள், அதாவது உள்ளே இருக்கிறவர்களைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள், கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று ஆளுக்கொரு பக்கமாகக் கத்திக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் எனக்கே காதை அடைத்தது. இதற்கு முன்னால் ஒரு தடவை வார்டரிடம், கோர்ட்டு நடக்கும்போது கொஞ்சம் அமர்த்தக் கூடாதா என்று கேட்டிருக்கிறேன். உன் கோர்ட்டு உன் வராந்தாவோடு சரி, இது எங்க ரூல் என்றார் அவர். இரண்டு ரூலையும் ஒரே வெள்ளைக்காரன்தான் எழுதியிருப்பான். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்க்காமல் போய்ச் சேர்ந்துவிட்டான்.

இரண்டாவது தடவையும் கூப்பிட்டேன். மூன்றாவது தடவையும் கூப்பிட்டேன். நாற்பது எட்டு எடுத்து வைத்தால் அவர் நிற்கிற இடம். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரம் அவர் நினைப்பே எனக்கு வரவில்லை. ஒரு நாளைக்கு எத்தனையோ பெயர் கூப்பிடுகிற வாய்க்குப் பெயர்தான் தெரியும், முகம் தெரியாது. உள்ளே போய், "இல்லைங்க அய்யா" என்றேன். தள்ளுபடி என்று எழுதி வழக்குக் கட்டை மூடினார்கள்.

சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் அவர் மெதுவாக வராந்தாப் பக்கம் வந்து, "என் கேசு எப்ப அண்ணாச்சி கூப்பிடுவீக?" என்று கேட்டார். இருங்க தாயி என்று சொல்லிவிட்டு, பெஞ்ச் கிளார்க்கிடம் ஓடினேன். எழுதினதை அழிக்க முடியாது, வழக்கைத் திரும்ப எடுக்கச் சொல்லி முப்பது நாளுக்குள் மனுப் போடச் சொல்லு என்றார்.

மனு போட்டார்கள். போட்ட அழகைக் கேளுங்கள். வக்கீல் குமாஸ்தா ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அதில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? வாதிக்கு மஞ்சள் காமாலை கண்டு, நாட்டு வைத்தியம் பார்த்துப் படுக்கையில் இருந்ததால் வரமுடியவில்லை. எங்கள் கோர்ட்டில் வராத எல்லோருக்கும் காமாலைதான். கல்யாணத்துக்குப் போனவனுக்கும் காமாலை, மறந்து தூங்கினவனுக்கும் காமாலை. அந்த மனுக்களை எல்லாம் நம்பினால் ஜில்லாவில் ஒருத்தர் கண்ணும் வெள்ளையாக இருக்க முடியாது. கேட்கிறவருக்கும் பொய் என்று தெரியும், எழுதுகிறவருக்கும் தெரியும். ஆனாலும் அப்படி எழுதினால்தான் எல்லோருக்கும் திருப்தி.

பொங்கல் கழிந்து மனு விசாரணைக்கு வந்தது. எதிர்த்தரப்பு வக்கீல், வாதியைக் கூண்டில் ஏற்றி விசாரிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். இந்த முறை அந்தப் பெண் குளித்துத் துணி மாற்றிவிட்டு வந்திருந்தார். காமாலைக்கு எந்த ஊர் வைத்தியரிடம் மருந்து சாப்பிட்டீங்க என்று வக்கீல் கேட்டார்.

"எனக்குக் காமாலையெல்லாம் வரலீங்க."

அவருடைய வக்கீல் பேனா மூடியைத் திருகிக்கொண்டே தலையைக் குனிந்தார். முன்சீப் அய்யா நிமிர்ந்து, மனுவில் உங்கள் கையெழுத்துத்தானே என்று கேட்டார். கையெழுத்து என்னுடையதுதான், எழுதினதை யாரும் எனக்குப் படித்துக் காட்டவில்லை என்றார் அவர். அப்படியானால் அன்றைக்கு எங்கே இருந்தீர்கள்?

"இந்தக் கோர்ட்டுலதான் அய்யா இருந்தேன். செயில் செவத்தோரம் நின்னேன். உள்ள எனக்குக் காமாலைன்னு எழுதியிருக்காகளே, அந்த நேரத்துல வெளிய நின்ன எனக்குக் காலுதான் கடுத்துச்சு."

பின்வரிசையில் இருந்த வக்கீல்கள் சிரித்தார்கள். அய்யா சிரிக்கவில்லை. நீங்கள் நின்றதற்குச் சாட்சி உண்டா என்று கேட்டார். அந்தப் பெண் என் பக்கம் கையை நீட்டி, "இவுக பாத்தாக" என்றார்.

பார்க்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் என் பாடு தீர்ந்தது. பார்த்தேன் என்றால், ஆள் இருக்கிறது தெரிந்தும் இல்லை என்று சொன்னவன் ஆவேன். வேலைக்கே வில்லங்கம் வரலாம். அப்போது உங்கள் அம்மா இரண்டாவது பிள்ளையை வயிற்றில் வைத்திருந்தாள். இதையெல்லாம் யோசித்தேன் என்று இப்போது எழுதுகிறேன். அப்போது யோசிக்க நேரமே இல்லை. நீட்டின அந்தக் கை இன்னும் இறங்காமல் இருந்தது.

"பாத்தேன் அய்யா. வராந்தாவுக்கு வாங்கன்னு நாந்தான் சொன்னேன். மேல மருந்து இருக்குன்னாக. நான் சிரிச்சுட்டு வந்துட்டேன். கூப்பிடும்போது போய்ச் சொல்லியிருக்கணும், சொல்லல."

இதோடு வழக்கை எடுத்துக்கொள்வார்கள் என்றுதானே நீங்களும் நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். மனுவில் இருப்பது காமாலை, சாட்சி சொல்வது சுவரோரம். மனுவில் இல்லாத காரணத்தை ஏற்க முடியாது என்று எதிர்த்தரப்பு வக்கீல் சட்டம் பேசினார். கடைசியில் அந்த மனுவை வாபஸ் வாங்கிவிட்டு, உண்மைக் காரணத்தை எழுதிப் புது மனுப் போடச் சொன்னார்கள். அதற்குள் முப்பது நாள் எப்போதோ ஓடிப்போனதால், தாமதத்தை மன்னிக்கச் சொல்லி இன்னொரு மனு. பொய் சொல்லியிருந்தால் ஒரு மனு. உண்மை சொன்னதற்கு இரண்டு. எனக்கு, ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டு ஒரு மெமோ. பதில் எழுத நான்கு தாள் கிழித்தேன். கடைசியில் எச்சரிக்கையோடு விட்டார்கள்.

கோடை விடுமுறைக்கு முந்தின வாரம் வழக்கு பழைய நம்பரிலேயே உயிர் பெற்றது. லீவு முடிந்ததும் விசாரணை. அந்தச் சந்தில் எந்தக் காலத்திலும் மூன்று சக்கர வண்டி போனதே இல்லை என்று எதிர்த்தரப்பு ஒரேயடியாகச் சாதித்தது. அப்படியானால் வண்டி ஓட்டுகிற புருஷன் நேரில் வந்து சாட்சி சொல்லட்டும் என்றார் அய்யா. அடுத்த வாய்தாவுக்கு அவர் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. மூன்றாவது தடவை அய்யாவுக்குக் கோபம் வந்துவிட்டது. சாட்சியைக் கொண்டுவர உங்களுக்கு என்னம்மா தடை என்று கேட்டார்.

"அவுக வாரதுக்குப் பாதை கேட்டுத்தான அய்யா கேசே போட்டிருக்கோம்."

இந்த முறை வக்கீல்கள்கூடச் சிரிக்கவில்லை. அய்யா பேனாவைக் கீழே வைத்தார். இத்தனை நாள் இத்தனை கட்டுப் படித்தவர்கள் யாருக்கும், எனக்கும் சேர்த்துத்தான், அது தோன்றவே இல்லை. ஓடை வழியாக ஆட்களை வைத்துத் தூக்கிவரலாமே என்று எதிர்த்தரப்பு வக்கீல் மெதுவாக ஆரம்பித்தார். அய்யா கையை மட்டும் அசைத்து அவரை உட்காரச் சொன்னார். அன்றைக்கே ஒரு இளம் வக்கீலைக் கமிஷனராகப் போட்டு, இடத்தை அளந்து வரச் சொன்னார்.

கமிஷனர் போய்ச் சந்தின் அகலத்தை அளந்தார், சுவரைப் படம் எடுத்தார், வீட்டு முற்றத்தில் பஞ்சராகி நின்ற வண்டியையும் படம் எடுத்தார். பஞ்சர் ஒட்டுகிறவர் வீட்டு வண்டிக்கே காற்றில்லை. மண்ணில் பழைய சக்கரத் தடம் சுவருக்கு அடியில் போய் முடிந்ததை அறிக்கையில் எழுதிவிட்டார். அந்த அறிக்கை வந்த பிறகு பக்கத்து வீட்டுக்காரருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தீர்ப்பு வரும்வரைக்கும் என்று சொல்லி, சுவரில் வண்டி நுழைகிற அகலத்துக்கு இடித்துவிட்டார். முழுச் சுவரும் அல்ல, வண்டி அகலம் மட்டும்.

அடுத்த வாய்தாவுக்கு நான் வராந்தாவில் நின்று சாட்சியின் பெயரைக் கூப்பிட்டேன். முதல் கூப்பாட்டுக்கே கீழேயிருந்து பதில் வந்தது. மூன்று சக்கர வண்டியில், எண்ணெய் தேய்த்துச் சீவின தலையோடு, அந்த மனுஷன் படிக்கட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் சம்சாரம். எங்கள் கோர்ட்டுக்கு ஏழு படி. ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். கட்டினவன் வண்டியில் வருகிறவனை நினைத்துக் கட்டவில்லை.

அவர் படியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இந்தப் படி ஏறுததுக்கு எந்தக் கோர்ட்டுல கேசு போடணும் அண்ணாச்சி?"

உள்ளே அய்யா காத்திருக்கிறார். நான் மெமோ வாங்கின பிறகும், வராந்தாவை விட்டு இறங்கக் கூடாது என்ற ரூலை யாரும் மாற்றவில்லை. நான் இறங்கினேன். கிளைச்சிறை வார்டர் டீ குடிக்க வந்து நின்றிருந்தார். ஒரு கை பிடிங்க என்றேன். கிளாஸை வைத்துவிட்டு வந்தார். ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து அவரைத் தூக்கினோம். பாதித் தூரத்தில், "மெல்லப் போங்க, உங்க ரூலு எதுவும் மேல பட்டு ஒடிஞ்சிறப் போகுது" என்று அவர் சொல்ல, வார்டர் சிரித்துக் கிட்டத்தட்டப் பிடியை விட்டுவிட்டார். கூண்டில் நிற்கத்தான் வேண்டும் என்று பெஞ்ச் கிளார்க் சொல்வதற்குள், நான் என் ஸ்டூலைக் கொண்டுபோய்க் கூண்டுக்குள் போட்டு, அவரை அதில் உட்காரவைத்தேன்.