சூடு ஏறும் கார்

இதைக் கதை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். கதை கட்ட எனக்கு வராது. வீட்டில்கூட நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச மாட்டேன். நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு சித்தப்பாவின் கார் பட்டறையில் கூடமாட வேலை செய்துகொண்டிருந்தேன். அந்தச் சாம்பல் நிறக் கார் மூன்றாவது முறையாக இழுவை வண்டியில் வந்து இறங்கியது. அதே கோளாறுதான். கொஞ்ச தூரம் ஓடினால் இன்ஜின் கொதிக்கிறது.

முதல் முறை சித்தப்பா, சூடேறினால் திறந்து தண்ணீரை ஓடவிடும் தெர்மோஸ்டாட்டை மாற்றினார். இரண்டாவது முறை அந்தப் புதியதைக் கழற்றிக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுப் பார்த்தார். ஒழுங்காகத் திறந்தது. ரேடியேட்டரில் அடைப்பில்லை. பம்ப்பும் நன்றாகவே இருந்தது.

"இதுக்கு என்னைப் புடிச்சுப்போச்சு போல. வாராவாரம் பாக்க வந்துடுது" என்று சிரித்தார். பிறகு, "உள்ள காத்து அடைச்சிருக்கும். இன்னைக்கு அதை வெளியேத்திடலாம், வா" என்றார்.

மாலை ஆறரை இருக்கும். மற்றவர்கள் போய்விட்டார்கள். நான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். சூடு காட்டும் ஊசியைப் பார்த்துச் சொல்வது என் வேலை. என் குரல் எழும்பாது என்பதால் சித்தப்பா ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். ஊசி கீழே இருந்தால் ஹாரனைச் சின்னதாக ஒரு தட்டு. அவர் ரேடியேட்டர் மூடியைத் திறப்பார். ஊசி மேலே இருந்தால் நீளமாக அழுத்த வேண்டும். அப்போது தொடமாட்டார்.

தூக்கிய பானெட் அவரை மறைத்திருந்தது. இன்ஜினை ஓடவிட்டு நிறுத்தினோம். சாவி மட்டும் போட்டபடி இருந்தது. ஊசி சிவப்பில் நின்றது.

"ரேடியேட்டருக்குப் போற மேல் ஹோஸ் சில்லுன்னு இருக்கே..." என்றார் சித்தப்பா. "ஊசி எங்க நிக்குது?"

ஹாரனை நீளமாக அழுத்தக் கையைத் தூக்கினேன்.

பக்கத்து இருக்கை கிறீச்சென்றது. யாரோ உட்கார்ந்தது போல அமுங்கியது.

கண்ணாடியில் ஆவி படிந்தது. அந்தப் பக்கம் மட்டும்.

வெந்த தோல் வாடை...

என் கண்ணெதிரே ஹாரன் உள்ளே போனது. என் கை அதைத் தொடவே இல்லை.

பீப்.

"சரி, திறக்கறேன்."

பதறிப்போய் ஹாரனை இரண்டு கையாலும் அழுத்தினேன். சத்தம் வரவில்லை. மறுபடி அழுத்தினேன். ம்ஹூம்.

கதவும் திறக்கவில்லை.

முன்னால் துணி உரசும் சத்தம். துணியைச் சுற்றித்தான் அவர் மூடியைப் பிடிப்பார். முகத்தைக் கிட்டே கொண்டுபோவார்.

கத்த வாயைத் திறந்தேன்.

ஒரு கை என் வாயைப் பொத்தியது.

கொதித்தது.

கடித்தேன்.

என் பல்லோடு தோல் உரிந்து வந்தது...

"திறக்காதீங்க சித்தப்பா!"

டமார்!

மூடி தானாகத் தெறித்துக் கூரைத் தகரத்தில் மோதியது. கொதிநீர் பீய்ச்சி அடித்தது. சித்தப்பா இரண்டடி பின்னால், சுவரோடு சுவராக ஒட்டி நின்றார்.

"ஏண்டி... அப்புறம் எதுக்கு ஒரு தடவை அடிச்ச?"

"நான் அடிக்கல."

பக்கத்து இருக்கையைப் பார்த்தோம். யாருமில்லை. இருக்கை மெல்ல மேலெழும்பிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை கார்க்காரர் இழுவை வண்டியோடு வந்தார். கார் என்னாயிற்று என்று கேட்கவில்லை. சித்தப்பாவின் முகத்தையே வெகுநேரம் பார்த்தார்.

"மூடியத் திறக்கலையா நீங்க?"

"வேற பட்டறை பாத்துக்குங்க" என்றார் சித்தப்பா.

காரைச் சங்கிலியில் மாட்டிய இழுவை வண்டி டிரைவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தப்பிச்சீங்கண்ணே. இதுக்கு முன்னாடி மூணு பட்டறைக்கு இழுத்துட்டுப் போயிருக்கேன். மூணு மெக்கானிக்குக்கும் மொகம் வெந்துபோச்சு. அதுல ஒருத்தர் செத்தே போயிட்டாரு. ஆனா ஒவ்வொரு தடவையும் அதுக்கப்புறம் ஒரு வருஷத்துக்கு வண்டி சூடே ஏறாது..."

சில நாள் கழித்து அந்தச் சாம்பல் கார் எங்கள் பட்டறை வழியே போனது. இழுவை வண்டியில் இல்லை. கார்க்காரரே ஓட்டிக்கொண்டு போனார்.

சித்தப்பா ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். பிசிறே இல்லாத இன்ஜின் சத்தம்.

"சரியாயிடுச்சு" என்றார்.