உள்ளங்கைப் புண்

கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரிக்கொட்டை வறுத்து உடைக்கிறவர்கள் கை எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். ஓட்டிலிருந்து கசிகிற எண்ணெய் பட்டுத் தோல் கறுக்கும், வெந்து உரியும். என் வீட்டுக்காரர் கையும் கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான்.

அதனால்தான் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் டாக்டர், "இந்த மாத்திரை போட்டா உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து எரியும், தோல் உரியும். அப்படி ஆச்சுன்னா உடனே வரணும்" என்றபோது இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்களுக்கு அது எப்பவுமே இருக்குதுங்க" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். டாக்டர் சிரிக்கவில்லை.

அதற்கு முந்தைய வருஷம்தான் இவருடைய இடது சிறுநீரகத்தைப் புற்றுக்கட்டியோடு எடுத்திருந்தார்கள். தொல்லை விட்டது என்று இருந்தோம். இப்போது ஸ்கேனில் நுரையீரல் முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளிகள். சிறுநீரகத்தையே எடுத்த பிறகு இது எங்கிருந்து வந்தது என்று டாக்டரிடம் சண்டைக்கே போனேன். அவர் கோபப்படாமல் ஒரு தாளில் வரைந்து காட்டினார். செல்லுக்குள் ஆக்சிஜன் நிலவரத்தைப் பார்த்து, வீணாகப் புது ரத்தக்குழாய் கேட்காமல் அதை அடக்கி வைக்கிற ஒரு ஜீன் கெட்டுப்போய்விட்டதாம். ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போதே அந்தச் செல் மூச்சு முட்டுவதாக நினைத்துக்கொள்கிறது. பக்கத்து ரத்தக்குழாய்களைத் தன் பக்கம் வளரச் சொல்லி ஒரு புரதத்தை விடாமல் அனுப்புகிறது. அவையும் கிளைவிட்டு வருகின்றன. கட்டி அதில் தின்று கொழுக்கிறது. பிறகு அந்தக் குழாய்க்குள்ளேயே புகுந்து நுரையீரலுக்குப் போய்விடுகிறது.

"ஆபரேஷனுக்கு முன்னாடியே போயிருக்கும்மா. அப்ப கண்ணுக்குத் தெரியலை. அந்தப் புரதம் சொல்றது ரத்தக்குழாய்க்குக் கேக்காம இந்த மாத்திரை தடுக்கும்" என்றார்.

"மாத்திரைய நிறுத்துனா?" என்று கேட்டார் இவர்.

"மறுபடி வளரப் பாக்கும்."

டாக்டர் சொன்ன அத்தனையிலும் அந்த மூன்று வார்த்தைதான் இவர் மனசில் தங்கியது.

கொட்டை வறுக்கிற எங்கள் கொட்டகைப் பக்கமே போகக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். என் கொழுந்தனார் வறுவல் வேலையைப் பார்த்துக்கொண்டார். கொஞ்ச நாள் வீட்டில் இருந்தவர், ஒருநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். "சும்மா ஒக்காந்து இருக்க முடியல புள்ள. ரெண்டு கொட்ட ஒடச்சுட்டு வாரேன்" என்றார். வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா? சாயங்காலம் கறுத்து உரிந்த கையோடு வந்து நின்றார். வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். தலைவலி என்று சொன்னபோது, அடுப்புப் புகையில் உட்கார்ந்தால் வராமல் என்ன செய்யும் என்று நானே காரணமும் எடுத்துக் கொடுத்தேன். தினமும் இதே கதைதான் நடந்தது.

ஒரு மத்தியானம் வண்டியை நிறுத்திவிட்டு வாசலிலிருந்து உள்ளே வருவதற்குள் அவர் பாதத்தின் ஓரத்தை ஊன்றி ஊன்றி நடந்ததைப் பார்த்தேன்.

"செருப்பக் கழட்டுங்க."

"எதுக்கு?"

"கழட்டுங்கங்கிறேன்."

கழற்றவில்லை. குனிந்து நானே காலைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். குதிகாலில் கொப்புளம், பாதம் முழுக்கச் செக்கச்செவேல் என்று வெந்து கிடந்தது. கொட்டை எண்ணெய் கையில் படும். செருப்புக்குள் இருக்கிற உள்ளங்காலில் எப்படிப் படும்?

"எப்பருந்து?" என்றேன்.

காலை மெல்ல இழுத்துக்கொண்டார். பிறகு, "கொட்டகைக்குப் போறதுக்கு முன்னாடியே" என்றார். சிவந்த கையை மறைக்கத்தான் கொட்டகைக்கே போயிருக்கிறார். எரிகிற உள்ளங்கையில் வேண்டுமென்றே ஓட்டு எண்ணெயைத் தேய்த்துக் கறுப்பாக்கிக்கொண்டு வந்திருக்கிறார். அதைத்தான் நான் தினமும் திட்டித் திட்டித் தடவிவிட்டேன்.

"டாக்டரு பாத்தா நிறுத்திருவாரு புள்ள. நிறுத்துனா வளரும்ல."

ஓங்கி ஓர் அறை விடலாம் போல இருந்தது எனக்கு. அடுத்த நொடியே கட்டிப்பிடித்து அழவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் கொழுந்தனாருக்குப் போன் போட்டுக் காரை வரச் சொன்னேன்.

தஞ்சாவூரில் பிரஷர் பார்த்த நர்ஸ், இயந்திரம் கோளாறோ என்று வேறொன்றை எடுத்து வந்து பார்த்தார். அதுவும் அதையேதான் காட்டியது. டாக்டர் முகம் மாறிவிட்டது. "இந்த மாத்திரையால பிரஷர் எக்கச்சக்கமா ஏறியிருக்கு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா மூளையில ரத்தம் கசிஞ்சிருக்கும். தலைவலின்னு ஏன் வந்து சொல்லலை?" என்று சத்தம் போட்டார். பிரஷருக்கு மாத்திரை கொடுத்தார். புற்றுக்கான மாத்திரையை நிறுத்தச் சொன்னார். கையும் காலும் தேறிய பிறகு குறைந்த அளவில் மறுபடி தொடங்கலாம், இந்த இடைவெளியால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது என்றார். புண் ஆறவும் புது ரத்தக்குழாய் வேண்டும், மாத்திரை அதையும் சேர்த்துத்தான் தடுத்துவிடுகிறது என்றும் சொன்னார். அதை எங்களிடம் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

மாத்திரை இல்லாத அந்த நாட்களில் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. இவர் ஒரு தடவை இருமினால் அடுப்படியில் என் கை நின்றுவிடும். அடுத்த இருமல் வருகிறதா என்று காத்திருப்பேன். ஸ்கேனுக்கு இன்னும் நாள் இருந்தது.

கை மட்டும் வேகமாகத் தேறியது. கறுப்புத் தோல் உதிர்ந்து, அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "அட, நல்லா ஆறிருச்சே தம்பி!" என்று சந்தோஷப்பட்டுவிட்டுப் போனார். இவர் ஜன்னல் வெளிச்சத்தில் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இங்க வளருதுன்னா, அங்கிட்டும் வளரும்தானே?" என்று நெஞ்சைத் தொட்டுக் கேட்டார்.

பூஜை அலமாரி முன்னால் போய் நின்றேன். புருஷன் கைப்புண் ஆறக் கூடாது என்று கும்பிட்டவள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.