இரண்டு மைக், இரண்டு முழம்

என் கணவர் இருபத்திரண்டு வருடம் டிரம்ஸ் வாசித்தார். இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூடத் தன் வாசிப்பைக் கேட்டதில்லை என்று அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மதுரையில் காது டாக்டரைப் பார்த்துவிட்டுத் திண்டுக்கல்லுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பஸ்ஸில் ஜன்னலோரம் அவர், பக்கத்தில் நான்.

"தெருக்கோடி வரைக்கும் கேக்குது, உங்களுக்குக் கேக்கலையாக்கும்?" என்றேன்.

"அடிக்கிறவனுக்கு அவன் அடிக்கிறது மட்டும்தான் தெரியும். எதுத்தாப்புல உக்காந்திருக்கவுகளுக்கு எப்பிடிக் கேக்குதுன்னு தெரியாது. ஒரே ஒரு தடவ வெளிய உக்காந்து கேக்கணும். அதுவும் காது இருக்கப்பவே கேட்றணும்."

அதற்குமேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை. டாக்டர் அன்று சொன்னது இதுதான். இரண்டு காதும் தேய்ந்துகொண்டு வருகிறது. கீச்சுச் சத்தங்கள் முதலில் போகும், பிறகு மற்றவை. போனதைத் திருப்ப முடியாது. மிச்சமிருப்பதைக் காப்பாற்ற வேண்டுமென்றால் டிரம்ஸை விட்டுவிட வேண்டும். பகலெல்லாம் மோட்டார் காயில் கட்டும் கடை, சாயங்காலமானால் மாதா கோவில் பாடற்குழு என்று இருந்த மனிதர். சட்டைப்பையில் போன் அடிப்பது தெரியாமல் நிற்கிறாரே என்று நான்தான் திட்டித் திட்டி டாக்டரிடம் கூட்டிப் போனேன். இரண்டு மாதத்தில் பங்குத் திருவிழா. அதில் வாசித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறேன் என்று டாக்டரிடம் ஒப்புக்கொண்டார். அதற்குள் பதிவு செய்துவிட வேண்டும்.

முதலில் என் போனை ஒரு நாற்காலியில் வைத்துப் பதிவு செய்து பார்த்தோம். தகரக் கூரையில் தேங்காய் விழுந்த மாதிரி இருந்தது. பாடற்குழுவில் கீபோர்டு வாசிக்கும் ஆசிரியர், கம்ப்யூட்டரில் மாட்டிப் பதிவு செய்யும் பெட்டி ஒன்று தன்னிடம் சும்மா கிடப்பதாகவும், அதில் நான்கு மைக் வரை மாட்டலாம் என்றும் சொல்லி இரவல் கொடுத்தார். மைக்தான் வேண்டும். மறுபடியும் மதுரைக்குப் பஸ் ஏறினோம்.

வாத்தியக் கடைக்காரர் ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். டிரம்ஸுக்கென்றே ஏழு மைக். ஒவ்வொரு மேளத்துக்கும் ஒன்று, பஞ்சுக்குழிக்குள் அழகாகப் படுத்திருந்தன. விலை எங்கள் கைக்கு எட்டும் விலைதான். என் கணவரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அப்படி ஒரு மலர்ச்சி. எனக்கானால் சந்தேகம் தட்டியது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பூக்கடை வைத்திருப்பவள் நான். மார்க்கெட்டில் ஏழு கூடையை ஒரு கூடை விலைக்குத் தருகிறேன் என்று ஒருவன் சொன்னால், கூடைக்குள் கையை விட்டுப் பார்க்காமல் வாங்க மாட்டேன். அதே விலைக்கு வேறு என்ன இருக்கிறது என்று கேட்டேன். விரலை விடக் கொஞ்சம் நீளமாய், ஒல்லியாய் இரண்டு மைக்கை எடுத்து வைத்தார். பென்சில் மைக் என்றார். தலைக்கு மேலே தூக்கிக் கட்டினால் மொத்த செட்டையும் வாங்கிக்கொள்ளுமாம்.

"ரெண்டே ரெண்டா?" என்று இவர் இழுத்தார்.

"எனக்குக் காது ரெண்டுதான இருக்கு? அத வச்சுத்தான உங்க அம்புட்டு மேளத்தையும் கேக்குறேன்?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். யாரிடம் போய்க் காதைப் பற்றிப் பேசுகிறேன்! என் வாய் எப்போதும் இப்படித்தான், எனக்கு முன்னால் ஓடும். அவர் கொஞ்ச நேரம் அந்த இரண்டு மைக்கையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடைக்காரரிடம், "ரெண்டு போதும், குடுங்க" என்றார். ஏழு மைக் பெட்டியை மூடும்போது கடைக்காரருக்கு முகம் தொங்கிப்போனது.

காலால் மிதித்து அடிக்கும் பெரிய மேளத்துக்கு மட்டும் தனியாக ஒன்று வேண்டும் என்றார் என் கணவர். அதற்குக் கோவிலிலேயே ஒன்று கிடைத்தது. பூசையில் பைபிள் வாசகம் வாசிக்க வைத்திருந்த பழைய மைக், பீடத்திலிருந்து விழுந்து தலை நசுங்கிய பிறகு யாரும் தொடுவதில்லை. ஃபாதரிடம் கேட்டு வாங்கிக்கொண்டோம். பெரிய மேளத்தின் முன்பக்க ஓட்டை வழியாக உள்ளே ஒரு பழைய தலையணையைத் திணித்து, அதன்மேல் இந்த நசுங்கின தலையைச் சாய்த்து வைத்தார். படுத்த நோயாளி மாதிரி இருந்தாலும் அடியை நன்றாகவே வாங்கியது.

பதிவு செய்ய இடம்? கோவிலில் எதிரொலி. வீட்டில் அக்கம்பக்கம். கடைசியில் என் அண்ணனின் வெங்காயக் குடோன் நினைவுக்கு வந்தது. மூன்று பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் சாக்கு அடுக்கியிருக்கும். கையைத் தட்டினால் சத்தம் தட்டிய இடத்திலேயே நின்றுவிடும். அண்ணனிடம் கேட்டோம்.

"ஞாயித்துக்கிழம லோடு எறங்காது மாப்ள. செத்த நேரம் என்ன, பொழுது பூராவும் அடிங்க. வெங்காயம் என்ன கோவிச்சுக்கவா போகுது?" என்றார்.

முதல் ஞாயிறு, பூசை முடிந்ததும் டிரம்ஸ் செட்டைச் சரக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். பென்சில் மைக்குக்குப் பெட்டியிலிருந்து கரண்ட் போனால்தான் உயிர் வரும். அதற்கான பொத்தானை அமுக்காமல் ஒரு மணி நேரம் ஒயரைப் பிடுங்குவதும் மாட்டுவதுமாக இருந்தார். ஊர் மோட்டாருக்கெல்லாம் கரண்ட் கொடுப்பவர் இதற்குக் கொடுக்க மறந்துவிட்டாரே என்று நான் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அவருக்கு வெட்கமாகிவிட்டது.

பிறகுதான் முக்கியமான வேலை. இரண்டு மைக்கும் ஸ்னேரின் நடுவிலிருந்து சரிசமமான தூரத்தில் இருக்க வேண்டும். ஸ்னேர் என்பது இரண்டு காலுக்கும் நடுவில் இருக்கும் மேளம், கைக்கு நேராகப் பளீரென்று அடிப்பது. ஒரு மைக் கிட்டவும் ஒன்று எட்டவும் இருந்தால் ஒரே சத்தம் முன்னும் பின்னுமாக வந்து ஒன்றையொன்று தின்றுவிடும் என்று வீடியோவில் பார்த்திருந்தார். அளக்கும் டேப் அவர் கடையில் கிடந்தது.

"ரெண்டு முழம் வையி" என்றார். "நீ அந்தப் பக்கம் வை, நான் இந்தப் பக்கம் வைக்கிறேன்."

வைத்தோம். நாளெல்லாம் முழம் போடும் கை, எனக்கு டேப் எதற்கு?

அவர் வாசித்தார், பதிவு செய்தோம், போட்டுக் கேட்டோம். பெரிய மேளம் நன்றாக இருந்தது. ஸ்னேர் மட்டும் டப்பாவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு அடி அடித்தால் ஒன்றரை அடி கேட்டது. அவர் காதுக்கே அது தெரிந்தது. மைக்கைத் திருப்பினோம், சாக்கை நகர்த்தினோம், ஸ்னேரின் தோலை இறுக்கினோம், தளர்த்தினோம். பிறகு ஒவ்வொரு முறையும் அவரவர் பக்கத்தில் அவரவர் இரண்டு முழம் வைத்தோம். ஒன்றும் சரியாகவில்லை. அடுத்த ஞாயிறும் அதே கதை.

"விலை கம்மி. அம்புட்டுத்தான் வரும்" என்றார்.

"அப்ப என் மேல பழியாக்கும்?"

"உன்னய யாரு சொன்னா?"

"ஏழு மைக்க வாங்கியிருந்தா ஏழு டப்பா கேட்டிருக்கும்!" என்று கத்திவிட்டு வெளியே வந்து நின்றேன். கோபமெல்லாம் மைக் மேலா? திருவிழாவுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. அந்த மனிதர் வாழ்நாளில் ஆசைப்பட்டுக் கேட்டதெல்லாம் இந்த ஒன்றுதான். அதை நான் கெடுத்துவிட்டேனோ என்று எனக்குப் பயம்.

அந்தச் சனிக்கிழமை கடைக்கு வழக்கமாக வரும் ஒரு அம்மா வந்தார். மல்லிகை நான்கு முழம் கேட்டார். போட்டேன். அவர் வழக்கம்போல மூக்கைச் சுருக்கினார்.

"ஒம் முழம் கட்டையால்ல இருக்கு? கைய வளத்துட்டு வந்து கடை போடு தாயி" என்று சொல்லித் தன் கையை நீட்டி அளந்து காட்டினார்.

பதினைந்து வருடமாகக் கேட்கும் பேச்சுதான். பதினைந்து வருடமும் பதிலுக்குப் பதில் சண்டை போட்டிருக்கிறேன். அன்று அவர் கையையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்தேன். பிறகு அந்த அம்மாவுக்கு ஒரு முழம் சும்மா போட்டுக்கொடுத்து, அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டு போகும்போதே பக்கத்துக் கடையில் சொல்லிவிட்டு என் கணவரின் காயில் கடைக்கு ஓடினேன்.

"கைய நீட்டுங்க."

"என்ன புள்ள, என்ன ஆச்சு?"

"நீட்டுங்கங்கறேன்ல!"

செம்புக் கம்பிச் சுருளை ஒதுக்கிவிட்டு மேசைமேல் முழங்கையை ஊன்றிக் கையை நீட்டினார். நான் என் முழங்கையை அவர் முழங்கையோடு ஒட்டி வைத்து நீட்டினேன். என் நடுவிரல் அவருடைய விரல்களின் அடிக்கணுவோடு நின்றுவிட்டது. இரண்டு முழத்துக்கு ஏறக்குறைய ஒரு சாண் வித்தியாசம் வரும். மைக் பாவம், ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது. அவர் முழத்துக்கு ஒன்று, என் முழத்துக்கு ஒன்று என்று நாங்கள்தான் கோணலாகக் கட்டியிருக்கிறோம்.

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். "ஊர ஏமாத்துற முழம் என்னையும் ஏமாத்திருச்சே" என்றார். கையை மட்டும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. கல்யாணமாகிப் பதினெட்டு வருடம், இரண்டு பேர் கையையும் இப்படி ஒட்டிவைத்துப் பார்த்ததே இல்லை. அவர் கையெல்லாம் கம்பி கிழித்த கோடு.

மறுநாள் கடையிலிருந்து பூக்கட்டும் நூல் ஒரு உருண்டை எடுத்துப் போனேன். ஸ்னேரின் நடுவில் அவர் ஒரு முனையை விரலால் அழுத்திக்கொள்ள, அதே நூலை ஒரு மைக் வரை நீட்டி முடிச்சுப் போட்டேன். அந்த முடிச்சு இன்னொரு மைக்கையும் சரியாகத் தொடும்படி அந்த மைக்கை நகர்த்திக் கட்டினோம்.

ஹெட்போனை நான் மாட்டிக்கொண்டேன். பொத்தான் அமுக்குவது என் வேலை. அவர் வாசிக்கத் தொடங்கினார். முதலில் பூசைப் பாட்டுகளின் தாளம், பிறகு எந்தப் பாட்டுக்கும் இல்லாமல் தன் போக்கில். ஸ்னேர் டப்பாவை விட்டு வெளியே வந்திருந்தது. சிம்பலை நான் தகடு என்றுதான் சொல்வேன். அந்தத் தகடுகள் வலமும் இடமுமாக மெல்லச் சிலுசிலுத்தன. இத்தனை வருடம் அதைச் சத்தம் என்று நினைத்திருந்தேன். எவ்வளவு பதமான கை அவருக்கு! அவர்மேல் எனக்கு அப்படி ஒரு பிரியம் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"பதிவாச்சா?" என்று கேட்டார்.

ஆகியிருந்தது. "சரியா ஆகல. இன்னொரு தடவ வாசிங்க" என்றேன்.

திருவிழா முடிந்தது. சொன்ன சொல்படி நிறுத்திவிட்டார். செட்டைக் கழற்றிப் பாடற்குழுவுக்கே கொடுத்துவிட்டு வந்தார். பிறகு ஒரு வாரம், கடை விட்டு வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மூன்று மைக்கின் சத்தத்தையும் கூட்டுவதும் குறைப்பதுமாக இருந்தார். கிட்டே போனால், "இரு, முடியட்டும்" என்பார். ஒரு நாள் சாயங்காலம் கூப்பிட்டு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார். ஸ்பீக்கரில் போட்டார்.

தகடு காதைக் கிழித்தது. ஒவ்வொரு அடியும் ஊசியாக இறங்கியது. மேளமெல்லாம் எங்கோ பின்னால் கிடந்தது. கையால் காதைப் பொத்திக்கொண்டு, "என்னத்தப் பண்ணி வச்சிருக்கீக?" என்று கேட்க வாயெடுத்தேன்.

அவர் அதற்குள், "இப்பத்தான் புள்ள எனக்கு எல்லாம் கேக்குது" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. பிறகு என் கை இருந்த இடத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"தகடு கூடுதலா?"

"கொஞ்சம்."

"எம்புட்டு?"

அவர் மவுஸை என் பக்கம் தள்ளினார். "உனக்கு எது சரியோ அங்க வையி" என்றார்.

திரையில் ஒரு கோடு, கீச்சுச் சத்தம் இருக்கும் வலது பக்கத்தில் மலையாக ஏறியிருந்தது. அதைப் பிடித்து இறக்கினேன். கொஞ்சம் இறக்கினால் போதும் என்றுதான் நினைத்தேன். போதவில்லை. இறக்கிக்கொண்டே போனேன். அவர் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு இறக்குகிறேனோ அவ்வளவும் அவர் காதிலிருந்து போனது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரிந்துவிட்டது. குடோனில் நான் கேட்டது திரும்ப வந்த இடத்தில் கையை எடுத்தேன்.

"இப்ப எனக்குத் தகடே இல்ல" என்றார். "இதுதான் மத்தவுகளுக்குக் கேக்குறதா?"

"ஆமாங்க."

"நல்லாருக்கா?"

"ரொம்ப நல்லாருக்குங்க."

இரண்டு விதமாகவும் சேமித்து வைத்தார். என் காதுக்குச் சரியானதைப் பாடற்குழுவுக்கும் அண்ணனுக்கும் அனுப்பினார். தன்னுடையதை யாருக்கும் அனுப்பவில்லை. மறுநாள் கடையிலிருந்து வந்து காப்பி குடித்துவிட்டு அதை ஸ்பீக்கரில் போட்டார். பக்கத்து வீட்டில் ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்டது. நான் எழுந்து போய் எங்கள் வீட்டு ஜன்னல்களையும் கதவையும் சாத்திவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். காது கூசத்தான் செய்தது. பொத்திக்கொள்ளாமல் கடைசி வரைக்கும் கேட்டேன்.