பட்டை போட்ட உத்தரம்

தலைப்பிரசவத்துக்கு நான் சிம்மக்கல்லில் இருந்த அம்மா வீட்டுக்கு வந்தது எழுபதுகளின் கடைசியில். கூடத்து உத்தரத்தில் எப்போதோ விரிசல் விட்டதால், அப்பா அதன் இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை வைத்து, போல்ட் போட்டு முடுக்கியிருந்தார். பொங்கலுக்குப் பொங்கல் பச்சை பெயின்ட் வேறு. பார்க்க ஜோராக இருக்கும்.

அதற்கு நேர் கீழே அப்பாவின் கட்டில். காலையில் போர்வையை உதறினால் மாவு போல நைசான மரப்பொடி கொட்டியது.

"உள்ள உளுத்துப்போச்சுப்பா" என்றேன்.

அவர் சுத்தியலால் தட்டினார். கணீரென்று கேட்டது. "கேட்டியா? அம்புட்டும் வைரம் பாஞ்ச கட்டை."

"சத்தம் போடுறது இரும்பு. நடுவுல துளை போட்டுப் பாத்தாத்தான் மரம் இருக்கான்னு தெரியும்."

அம்மாவுக்கு வந்ததே கோபம். மாசமான பெண் இருக்கும் வீட்டில் மரத்தைத் துளைத்தால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாதாம். எங்களில் ஆணிகூட அடிக்க மாட்டார்கள். கூப்பிட்டு வந்த ஆசாரியும் பையைத் திறக்கவே இல்லை. "பிரசவம் ஆகட்டும்ணே, பெறகு வாரேன்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் வயிற்றைக் காட்டியே என் வாயை அடைத்தார்கள். கட்டிலையாவது நகர்த்துங்கள் என்று கெஞ்சினேன். காற்று அங்கேதான் வருகிறது என்றார் அப்பா.

எனக்கு வலி கண்டு, அம்மாவும் நானும் ஆஸ்பத்திரியில் இருந்தோம். மழை பெய்த ஒரு மத்தியானம் உத்தரம் இறங்கிவிட்டது. அப்பா கட்டிலில்தான் படுத்திருந்தார். பேத்தி பிறந்த சேதியை அவரிடம் சொல்லப் போன சித்தப்பா, திரும்பி வந்து என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து நின்றார்.

பச்சை உடம்போடு வீட்டுக்குப் போனேன். உத்தரத்தை வாசலில் இழுத்துப் போட்டிருந்தார்கள். ஒரு போல்ட்கூடக் கழலவில்லை. பட்டைகளுக்கு நடுவே மரம் என்று ஒன்று இல்லை. பெயின்ட் தோலும் பொடியும்தான் இருந்தன.

துக்கத்துக்கு வந்திருந்த அத்தை, அப்பாவின் அக்கா, குழந்தையை எட்டிப் பார்த்தாள். "பெறந்த நேரம் தாத்தனை முழுங்கிருச்சே."

என் மகளுக்கு ஆகாது என்றுதான் துளை போடாமல் விட்டார்கள். இப்போது பழியும் அவள் தலையில்தான். எனக்கு அது இன்றுவரை ஆறவில்லை. குனிந்து ஒரு கை பொடியை அள்ளி அத்தை முன்னால் நீட்டினேன்.

"எம்புட்டு வருசமா அரிச்சிருக்குன்னு பாருங்கத்தை. இவ இப்பத்தான பெறந்தா."

ஒருவரும் என் கையைப் பார்க்கவில்லை. எல்லோரும் குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவும்தான்.