கல்யாண வெளிச்சம்

அந்த வேலை கிடைக்காவிட்டால் நான் ஜொகூருக்குப் போயாக வேண்டும். அங்கிருந்து தினமும் சிங்கப்பூர் ஃபேக்டரிக்கு. மகள் ஈப்போவில் என் அக்கா வீட்டில். எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. கல்யாணப் படம் எடுத்தே பிழைத்தவள் நான். இப்போதோ கல்யாணத்துக்கு வருகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு கேமரா.

கோலா கங்சார் பக்கம், ரப்பர் தோட்டமாக இருந்து செம்பனைக்கு மாறிய ஒரு கம்பெனி. அதன் நிர்வாகியைப் படம் எடுத்துக் காட்ட வேண்டும். பிடித்துவிட்டால் தைப்பிங், சித்தியவான் கிளைகளும் எனக்கே.

விளக்குக்கு முன்னால் எதை மாட்டுவது என்று மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் பழகிய வெள்ளைக் குடைகள் இரண்டையே எடுத்துப் போனேன். கல்யாண மண்டபத்தில் அவைதான் கைகொடுக்கும். குடைத்துணி வழியாக வரும் வெளிச்சம் எல்லாப் பக்கமும் பரவும், நிழலே விழாது, கறுத்த பெண்ணும் சிவப்பாகத் தெரிவாள், மாமியார் வாய் திறக்க மாட்டாள். வெளிச்சத்தை ஒரு பக்கமாகக் கட்டிப்போடும் சாப்ட்பாக்ஸ், வீட்டில் கட்டிலுக்கடியில் கிடந்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அலுவலக அறை சின்னது, சுவரெல்லாம் வெள்ளை. குடை வெளிச்சம் நாலு சுவரிலும் பட்டுத் திரும்பி வந்தது. நிர்வாகி நல்ல கறுப்பு நிறத் தமிழர். கேமராவில் படத்தைப் பார்த்தார்.

"இது யாரும்மா? கல்யாண மாப்பிள்ளை கணக்கா வெளுத்துட்டீங்களே! நான் இந்தத் தோட்டத்துல பொறந்தவன்லா."

அவருக்கு மீட்டிங்குக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஒரு விளக்கை அணைத்தேன். மற்றதன் குடையைப் பாதி மடக்கி, அவர் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். அலுவலகப் பெண்ணிடம் கறுப்புக் குப்பைப் பைகளை வாங்கிக் கிழித்து எதிர்ச்சுவரில் ஒட்டினேன். அங்கே பட்ட வெளிச்சம் திரும்பி வரவில்லை. முகத்தின் ஒரு பக்கம் நிழல் விழுந்தது. அவருடைய நிறம் அவருக்குத் திரும்பக் கிடைத்தது.

மறுபடி எடுத்துக் காட்டினேன். மீட்டிங்கை மறந்து பார்த்தார். "எங்கப்பா மாரியே இருக்கேன். அவரு இங்கதான் பால்மரம் வெட்டிப் பாலெடுத்தாரு" என்றார். நான் கழிப்பறைக்குள் போய் அழுதேன். பிழைத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து எல்லாப் படங்களையும் அனுப்பினேன். கல்யாண வீட்டில் ஒரு படம் குறைந்தாலும் சண்டைக்கு வருவார்கள், அந்தப் பழக்கம். வெளுத்துப்போன முதல் படமும் கூடவே போனது.

மறுவாரம் அலுவலகப் பெண் போன் செய்தாள். "கேஎல் ஹெட் ஆபீஸ்ல அந்த மொத படந்தான் புடிச்சிருக்காம்க்கா, பளிச்சினு இருக்காம். இந்த மாரி எடுக்க அவங்ககிட்டயே ஆளு இருக்காம்லா. மத்த கிளைக்கெல்லாம் அவங்களே வாராங்களாம்." கொஞ்சம் தயங்கி, "எங்க மேனேஜரு அந்த நெழல் படத்த வீட்டுல மாட்டிட்டாருக்கா" என்றாள். அதை வைத்து நான் என்ன செய்வது?

சிங்கப்பூரில் ஃபேக்டரி அடையாள அட்டைக்கு என்னைப் படம் எடுத்தவன் விளக்குக்கு முன்னால் எதையும் மாட்டவில்லை. வெளிச்சம் நேராக மூஞ்சியில் அடித்தது. அந்தப் படத்தை மகளுக்கு அனுப்பினேன்.

"யாரும்மா இப்படி எடுத்தது? நல்லாவே இல்ல" என்றாள். "நீ வீட்டுக்கு வந்து எடுத்துக்கம்மா."