நான் அழித்த ஒரு வரி

2009 என்று நினைவு. தேனி மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குக் கம்ப்யூட்டர் வந்து இறங்கிய நேரம். எந்த நர்ஸுக்கு அதில் என்ன தெரியும், யாருக்கு என்ன பயிற்சி வேண்டும் என்று மதிப்பிட்டுச் சொல்வது என் வேலை. கையில் ஒரு படிவம், மனதில் பெரிய அதிகாரி என்ற நினைப்பு.

காமயகவுண்டன்பட்டிப் பக்கம் ஒரு கிராம சுகாதார நர்ஸ். என் வயதுதான் இருக்கும். அவர் மௌஸைத் தொட்டாலே அம்புக்குறி திரையெங்கும் ஓடியது. "ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குதே சார்" என்று அதையே முறைத்துப் பார்த்தார். 'தகுதியில்லை' என்று பென்சிலால் குறித்துக்கொண்டேன்.

பிறகு அவருடைய கர்ப்பிணிகள் பதிவேட்டை நானே கம்ப்யூட்டரில் ஏற்றிக் காட்டினேன். ஒரே பெயர் இரண்டு முறை வந்தது. இரண்டிலும் கணவர் பெயர் சுருளி, வயதும் ஒன்று. ஒரே ஆளை இரண்டு தடவை எழுதிவிட்டார் என்று நினைத்து, கேட்காமலே ஒரு வரியை அழித்தேன். சுருளி என்று பெயர் வைக்காத வீடு அந்தப் பக்கம் அபூர்வம் என்பது வெளியூர்க்காரனான எனக்கு உறைக்கவில்லை.

பிரின்ட் எடுத்துப் பெருமையாக நீட்டினேன். பிரசவத்துக்கு முன்பே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியவர்களை இனி அந்தத் தாளைப் பார்த்துத்தான் அழைத்துப் போவார்கள். அவர் ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தார். முகம் மாறிவிட்டது.

"சார், திராட்சைத் தோட்டத்துப் பிள்ளையக் காணமே! இதுல இருக்கது மேலத்தெருக்காரி. தோட்டத்துப் பிள்ளைக்குத்தான் பிரஷர் ஏறிக் கிடக்கு. அடுத்த வாரம் அவளச் சேத்தே ஆகணும்."

நான் அழித்தது இன்னொரு பெண்ணை என்று அப்போதுதான் புரிந்தது. அந்த நேரம் பார்த்து டாக்டர் உள்ளே வந்து என்ன விஷயம் என்றார். நர்ஸ் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "ஒரு பேரு விட்டுப்போச்சு டாக்டர், சேத்துக்கிட்டிருக்கோம்" என்றார். வெட்கத்திலும் நன்றியிலும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டேன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, அந்தப் பெண்ணை அவரே திரும்ப ஏற்றினார்.

'இவருக்குப் பத்து நாள் மௌஸ் பழக்கம் போதும். பயிற்சி கொடுக்கும் நாங்கள்தான் இவர்களோடு ஒரு வாரம் தெருத்தெருவாக நடக்க வேண்டும்' என்று அறிக்கையில் எழுதினேன். மேலே இருந்தவர்கள் சிரித்தார்கள். போகட்டும். தோட்டத்துப் பெண்ணுக்குப் பிரசவமாகி, தாயும் பிள்ளையும் நலம் என்று அந்த நர்ஸ் போனில் சொன்ன அன்றுதான் எனக்கு மூச்சு வந்தது.

இன்றும் திரையில் இரண்டு பேர் ஒன்றுபோலத் தெரிந்தால், அவர்கள் வீட்டு வாசல்வரை போய் வந்த ஒருவரைக் கேட்காமல் என் விரல் அசைவதில்லை.